ஷட்டருக்கும் வண்டிக்கும் நடுவே

பெங்களூரில் கடை வாடகைக்குப் பேசும்போது எல்லாம் சதுர அடிக் கணக்கில்தான் ஓடும். முன்பணம் எத்தனை மாதத்துக்கு, பெயர்ப்பலகை எவ்வளவு அகலம் வைக்கலாம், த்ரீ ஃபேஸ் மின்சாரம் உண்டா, வாடிக்கையாளர் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவார் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிப்பார்கள். கடையிலிருந்து அன்றாடம் வெளியேறும் அழுகலும் அட்டையும் கவரும், வண்டி வருகிற வரைக்கும் எங்கே இருக்கும் என்ற கேள்வி மட்டும் ஒப்பந்தப் பத்திரத்தில் வராது. இந்த நகரத்தின் குப்பையைப் பற்றி உயர் நீதிமன்றம் உத்தரவு மேல் உத்தரவு போட்டிருக்கிறது. குப்பைக் கிடங்குகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் லாரிகளை மறித்திருக்கிறார்கள். தன்னார்வக் குழுக்கள் இருபது வருடத்துக்கு மேலாக உழைக்கின்றன. இவ்வளவிலும் பேச்சு பெரும்பாலும் குப்பை போய்ச் சேரும் இடத்தைப் பற்றியே இருந்தது. அது புறப்படுவதற்கு முன் காத்திருக்கும் இடத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. சில்லறை வணிகத்தைப் பொறுத்தவரை சிக்கலின் முடிச்சு அந்தச் சில மணி நேரத்திலும் சில சதுர அடியிலும்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

ஹலசூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருக்கும் நடுத்தர மளிகைக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் சரக்கு இறங்குகிறது. பிஸ்கட்டும் சோப்பும் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடைப் பையன் உடனுக்குடன் டேப்பைக் கிழித்து, மடித்துத் தட்டையாக்கி, மாடிப்படிக்குக் கீழே செங்குத்தாகச் சொருகிவிடுகிறான். பருப்பும் சர்க்கரையும் வந்த பிளாஸ்டிக் சாக்குகளை உதறி மடித்து ஓர் ஆணியில் மாட்டுகிறார்கள். எண்ணெய் டின் ஒரு பக்கம். முட்டை அட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏறி நிற்கின்றன. பால் க்ரேட் மறுநாள் விடியலில் அதே வண்டியில் திரும்பிப் போய்விடும். தேதி முடிந்த பாக்கெட்டுகள் கல்லாவுக்குக் கீழே ஒரு பெட்டியில் கிடக்கின்றன. கம்பெனி ஆள் ஆர்டர் எடுக்க வரும்போது ‘எக்ஸ்பைரி’, ‘டேமேஜ்’ என்று கணக்கு எழுதி அடுத்த பில்லில் கழித்துக்கொள்ள வேண்டும்.

வாரத்துக்கு ஓரிரு முறை குஜரிக்காரர் வருவார். பழைய பொருள் வாங்கும் கடையைப் பெங்களூர்த் தமிழர்கள் காயலான் கடை என்று சொல்வதை விட, கன்னட வழக்கை ஒட்டிக் குஜரி என்பதுதான் அதிகம். “அண்ணா, அடியில நனைஞ்சிருக்கு, ரெண்டு கிலோ கழிச்சுக்கறேன்” என்று அவர் தொடங்க, “அரைக் கிலோ கழிச்சுக்கோப்பா, போதும்” என்று கடைக்காரர் முடிப்பார். அடுத்த வாரம் அட்டை நனையாமல் இருக்க ஒரு பலகையின் மேல் ஏறிவிடும். எந்த அதிகாரியும் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

‘கடைக்காரர்களுக்குக் குப்பையைப் பிரிக்கத் தெரியாது, விழிப்புணர்வு வேண்டும்’ என்று கூட்டங்களில் பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். விலை உள்ளது அத்தனையையும் அவர் பழுதின்றிப் பிரிக்கிறார், நனையாமல் வைக்கிறார், நேரத்துக்குக் கைமாற்றுகிறார். எஞ்சுவது விலை இல்லாதது: அழுகிய தக்காளி, வெங்காயச் சருகு, கறிவேப்பிலைக் காம்பு, பெட்டிகளைச் சுற்றி வந்த மெல்லிய ஷ்ரிங்க் படலம், கிழிந்த பாக்கெட், தெர்மாகோல் துண்டு, டீ குடித்த கப், பெருக்கிய தூசி. இது அத்தனையும் ஒரே கவருக்குள் போகிறது. இரவு ஒன்பதரை, பத்துக்கு ஷட்டரை இறக்கும்போது அந்தக் கவர் கடைக்குள்ளேயே இருந்தால் நாற்றம், எலி, கரப்பான். வெளியே வைத்தால் நாய். எனவே அது தெருமுனைக்குப் போகிறது.

விலை உள்ள குப்பை போகும் வழியை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லிவிடலாம். தெருக் குஜரியிலிருந்து அட்டையும் காகிதமும் ஜாலி மொஹல்லா போன்ற மொத்தச் சந்தைகளுக்கும், பிளாஸ்டிக் மைசூர் சாலையில் நாயண்டஹள்ளிக்கும் போகின்றன. அங்கே நிறம், தடிமன், ரகம் பார்த்து மறுபடி பிரித்து, பேல் கட்டி, ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். மாநகராட்சியின் பட்ஜெட்டில் இதற்கு ஒரு பைசா செலவு எழுதப்படாத காலத்திலேயே இந்தச் சங்கிலி இயங்கிக்கொண்டிருந்தது. தெருவில் பொறுக்குபவர்களையும் தரம் பிரிப்பவர்களையும் மாநகராட்சி பதிவு செய்து அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியது 2011 வாக்கில்தான். அதற்காகப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர்கள் ஹசிரு தள அமைப்பினர். பிறகு வார்டுதோறும் உலர் கழிவு சேகரிப்பு மையங்கள் வந்தன. பலவற்றை நடத்தும் பொறுப்பு அந்தத் தொழிலாளர்களிடமே வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து பேசும் அந்த மையங்களுக்குள் ஒருமுறை போய் நின்றால், கடைக்காரரின் ஷ்ரிங்க் படலத்துக்குக்கூட விலை உண்டு என்பது தெரியும். ஒரு நிபந்தனை: தக்காளிச் சாறு படாமல் வர வேண்டும்.

நகரம் விழித்துக்கொண்டது 2012இல். வடக்கே எலஹங்கா பக்கம் உள்ள மாவள்ளிபுராவில் வருடக்கணக்காகக் குப்பை கொட்டினார்கள். கலந்த குப்பையிலிருந்து ஊறி வடியும் கறுப்பு நீர் அக்கம்பக்கத்து நீர்நிலைகளைக் கெடுத்தது. ஊர்க்காரர்களின் போராட்டத்துக்குப் பிறகு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உத்தரவால் அந்த வருடம் ஜூலையில் கிடங்கு மூடப்பட்டது. அடுத்த வாரங்களில் பெங்களூரின் தெருக்களில் குப்பை குவிந்து கிடந்ததை உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. அக்டோபர் 1 முதல் குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிப்பது கட்டாயம் என்று மாநகராட்சி அறிவித்தது. லாரிகள் கிழக்கே மண்டூருக்குத் திரும்பின. மண்டூர்க்காரர்களும் பொறுக்க முடியாமல் 2014இல் எழுந்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 1 முதல் அங்கும் கொட்டுவது நின்றது. பிறகு வந்தவை கைவிட்ட கல்குவாரிகள். மிட்டகானஹள்ளி, பெல்லஹள்ளி என்று ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டிருந்தன.

இந்த ஊர்களுக்கும் பிரிகேட் சாலையில் நாம் வாங்கும் சட்டைக்கும், மல்லேஸ்வரத்தில் வாங்கும் கத்திரிக்காய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு. கிடங்கில் வடியும் கறுப்பு நீருக்கு மூலம் ஈரக் குப்பை. கிடங்கை நிரப்புவது உலர்ந்த குப்பை. இரண்டும் ஒரே கவரில் சேர்ந்து வருவதால்தான் ஒன்றை எருவாக்கவும் மற்றதை விற்கவும் முடியாமல் போகிறது. 1975இலேயே நகரக் குப்பையை எருவாக்கவென்று கர்நாடகம் தனியாக ஒரு கழகம் தொடங்கிய மாநிலம். அந்தத் தொழில்நுட்பத்துக்கு ஐம்பது வயது. எருக்குழிக்கு முன்னால் நின்று கண்ணாடிச் சில்லையும் பாலிதீனையும் பொறுக்கும் வேலைக்கும் ஐம்பது வயது.

பொதுநல வழக்குகளை விசாரித்த உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில், இன்று பெங்களூர்வாசிகள் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாட்டை நகரம் முழுவதற்கும் ஒரே மாதிரியாக்கியது: ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, சுகாதாரக் கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர் குப்பைக்கு ஒரு பை. ‘ஹசி கச’ (ஈரக் குப்பை), ‘ஒண கச’ (உலர் குப்பை) என்று தினமும் காலையில் ஆட்டோ டிப்பரின் ஒலிபெருக்கி கத்துவது அதன் தொடர்ச்சி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது வீட்டை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு. வீட்டில் சமையலறை இருக்கிறது, பால்கனி இருக்கிறது, காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்க ஆள் இருக்கிறது. கடைக்கு இது மூன்றும் இல்லை.

டிப்பர் காலையில் வருகிறது. துணிக்கடையும் செருப்புக்கடையும் செல்போன் கடையும் திறப்பது பத்து, பத்தரைக்கு. வண்டி வரும்போது ஷட்டர் மூடியிருக்கிறது. ஷட்டர் திறக்கும்போது வண்டி போய்விட்டது. வணிகத் தெருக்களுக்கு இரவில் தனி வண்டி விடும் ஏற்பாடுகள் வந்தன, தடுமாறின, மறுபடி வந்தன. ஒருநாள் வண்டி தவறினால் வீட்டுக்காரர் தொட்டியை மூடிவைத்து மறுநாள் கொடுத்துவிடுவார். கடைக்காரரால் அது முடியாது. அதற்குக் காரணம் அவர் குணத்தைவிட இடம். முந்நூறு சதுர அடிக் கடையில் ஒவ்வொரு சதுர அடியும் மாத வாடகையைச் சம்பாதித்தாக வேண்டும். இரண்டு தொட்டியும் ஒரு பையும் வைக்க நான்கு சதுர அடி போதும். அந்த நான்கில் சிப்ஸ் பாக்கெட் ஸ்டாண்டு ஒன்று நிற்கும், அல்லது ஐஸ்கிரீம் பெட்டி.

‘பிளாக் ஸ்பாட்’ என்று மாநகராட்சி குறித்து வைத்திருக்கும் தெருமுனைக் குவியல்கள் உருவாவது இப்படித்தான். அங்கே கோலம் போட்டுப் பார்த்தார்கள், செடி வைத்துப் பார்த்தார்கள், சாமி படம் மாட்டிப் பார்த்தார்கள், கேமரா வைத்தார்கள். முன்னாள் படைவீரர்களை மார்ஷல்களாக்கி அபராதம் போட்டார்கள். 2025 அக்டோபர் இறுதியில் ‘கச சுரியுவ ஹப்ப’ (குப்பை கொட்டும் திருவிழா) என்று ஒரு விழாவே எடுத்து, தெருவில் கொட்டியவர் வீட்டு வாசலிலேயே குப்பையைத் திருப்பிக் கொட்டிவிட்டு அபராத ரசீதும் கொடுத்தார்கள். பார்க்க வேடிக்கையாக இருந்தது. பத்திரிகைகளுக்கு நல்ல படம் கிடைத்தது. ஆனால் இரவு பத்து மணிக்குக் கையில் கவருடன் நிற்கும் கடைப் பையனுக்கு அந்த விழா வேறொரு இடத்தைக் காட்டவில்லை. அவன் அடுத்த தெருவுக்கு நடப்பான். விடியற்காலையில் நாயும் மாடும் கிழித்துப் போட்டதைக் கையால் அள்ளுவது பௌரகார்மிகர்கள் எனப்படும் துப்புரவுத் தொழிலாளர்கள். கடையின் நான்கு சதுர அடிக்கு உண்மையில் வாடகை கட்டுவது அவர்கள்தான், தங்கள் முதுகால்.

சட்டம் பெரியவர்களையும் சிறியவர்களையும் பிரித்து நடத்தியதில் ஒரு கோணல் இருக்கிறது. 2012–13 காலத்தில் மாநகராட்சி ‘மொத்தக் கழிவு உண்டாக்குவோர்’ என்று ஒரு வகையை வகுத்தது. நாளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் குப்பை வரும் வணிக இடங்கள் தாங்களே அதைக் கையாள வேண்டும், அல்லது மாநகராட்சி அங்கீகரித்த தனியாருக்குக் காசு கொடுக்க வேண்டும். பத்து கிலோ என்பது சாதாரண அளவு. கரும்புச் சாறும் சாத்துக்குடிச் சாறும் விற்கும் கடை மதியத்துக்குள் அதைத் தாண்டிவிடும். மத்திய அரசின் 2016 திடக்கழிவு விதிகள் இந்த வரம்பை நூறு கிலோவாக வைத்தன. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் நூறு கிலோவோடு கட்டடப் பரப்பையும் தண்ணீர்ச் செலவையும் சேர்த்துப் பார்க்கின்றன, பிரிப்பையும் நான்கு வகையாக்கிவிட்டன. வரம்பு எதுவானாலும், அதற்குச் சற்றுக் கீழே இருப்பதாகக் காட்டிக்கொள்வது லாபம். எடைபோட்டுப் பார்ப்பவர் இல்லாத ஊரில் யார்தான் மேலே இருப்பதாக ஒப்புக்கொள்வார்?

இன்னொன்று. குழுக் குடியிருப்புகளிலும் வணிக வளாகங்களிலும் குப்பையைப் பிரித்து வைக்கத் தனி இடம் திட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும் என்று 2016 விதிகள் சொன்னது உண்மை. ஆனால் அது இருநூறு வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புக்கும், ஐயாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைக்கும். சிக்பேட்டையில் ஒரு கட்டடத்துக்குள் நாற்பது கடை இருக்கும். மனை அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இடம் ஏற்கெனவே இருப்பவருக்கு இடம் ஒதுக்கச் சொன்ன விதி, இடமே இல்லாதவரைத் தொடவில்லை.

பெரிய கடைகளின் நிலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் பொறுப்பான சேமிப்பு என்றால் என்ன என்பதை அங்கேதான் முழுதாகக் காண முடிகிறது. மால் ஒன்றின் அடித்தளத்தில், சரக்கு இறங்கும் மேடைக்குப் பக்கத்தில் கழிவு அறை இருக்கும். ஒழுங்காக நடக்கும் இடமென்றால் ஈரக் கழிவுக்குத் தனி அறை, குளிரூட்டியோ குறைந்தது நல்ல காற்றோட்டமோ உண்டு. தரை ஓடு பதித்து, வடிகாலை நோக்கிச் சரிந்திருக்கும். அந்த வடிகால் சாக்கடைக் குழாயில் சேர வேண்டும். மழைநீர் ஓடும் ராஜகாலுவேயில் சேர்ந்தால் கழுவிய நீர் எல்லாம் ஏரிக்குப் போகும். பெங்களூர் ஏரிகள் நுரைத்த கதை நமக்குத் தெரியும். அட்டைக்கு ஒரு அழுத்து எந்திரம். அதைச் சுவரிலிருந்தும் மின்பெட்டியிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். காய்ந்த அட்டை எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பது சந்தைத் தீ விபத்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் 2012 பிப்ரவரியில் பிடித்த தீயில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் போயின. குழல்விளக்கு, பேட்டரி, பழுதான பில்லிங் எந்திரம் ஆகியவை பூட்டிய தனிப் பெட்டியில். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு எடை மேடை, ஒரு பதிவேடு.

பதிவேடுதான் ரகசியம். எந்தக் கடையிலிருந்து எத்தனை கிலோ, எந்த வகை என்று தினமும் எழுதத் தொடங்கினால் மாதக் கடைசியில் மேலாளர் கண்ணில் படுவது குப்பையைவிட, வாங்கியதில் வீணானது. திங்கட்கிழமை கீரை அதிகம் வருகிறது, வெள்ளிக்கிழமை ரொட்டி மிஞ்சுகிறது என்பதெல்லாம் கொள்முதல் பிரிவுக்குப் பயன்படும் செய்தி. தென்கொரியா 2013இல் உணவுக் கழிவை எடைபோட்டு வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்கத் தொடங்கியதன் பின்னால் இருந்ததும் இதே எண்ணம்தான். பெங்களூரில் 2025 ஏப்ரல் முதல் குப்பைச் சேவைக்குத் தனிக் கட்டணம் வந்துவிட்டது. வீடுகளுக்கு அது கட்டடப் பரப்பைப் பார்த்து. நிறையக் கொட்டும் வீட்டுக்கும் எருவாக்கும் வீட்டுக்கும் பரப்பு ஒன்றானால் கட்டணமும் ஒன்று.

தேதி முடிந்த சரக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குப்பை மேலாண்மை என்று வரும் கையேடுகள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன. தேதி முடிந்த பாக்கெட் வெறும் குப்பை அல்ல, ஆபத்தான குப்பை. கெட்டுப்போனது என்பதால் மட்டுமல்ல, பார்ப்பதற்கு நல்ல சரக்கைப் போலவே இருப்பதால். கவரைக் கிழிக்காமல் வெளியே போட்டால் அது தேதி அழிக்கப்பட்டு வேறெங்கோ விற்பனைக்கு வரலாம். இதனால்தான் உணவுப் பாதுகாப்பு விதிகள் அத்தகைய சரக்கை அடையாளமிட்டுத் தனியே வைக்கச் சொல்கின்றன. 2024 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உற்பத்தியாளர்களிடமும் இறக்குமதியாளர்களிடமும், தேதி முடிந்த, நிராகரிக்கப்பட்ட சரக்கின் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கத் தொடங்கியது. சில்லறைக் கடையில் செய்ய வேண்டியது எளிது: தனிப் பெட்டி, மேலே பெரிய எழுத்தில் பலகை, திரும்பப் போகாதது என்றால் பாக்கெட்டைக் கிழித்து உள்ளே இருப்பதை ஈரக் குப்பைக்கும் உறையை உலர் குப்பைக்கும் பிரிப்பது. மருந்துக் கடைகள் இதில் மளிகைக் கடைகளைவிட ஒழுங்கு. தேதி முடிந்த மருந்தை மொத்த வியாபாரிக்குத் திருப்பி வரவு வாங்கிக்கொள்ளும் பழக்கம் அந்தத் தொழிலிலேயே ஊறியது.

தேதி முடிவதற்கு முந்தைய நாள் என்ன செய்வது என்பது வேறு கேள்வி. நானூறு சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் தின்னக்கூடிய உணவை அழிக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட வேண்டும் என்று பிரான்ஸ் 2016இல் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் உபரி உணவை மீட்டு வழங்குவதற்கான விதிமுறைகள் 2019இல் வந்தன, கட்டாயமில்லை. பெங்களூரின் அங்காடிகளில் இரவு எட்டரைக்கு மேல் ரொட்டியும் காய்கறியும் பாதி விலைக்குப் போவதை நான் நல்லதாகவே பார்க்கிறேன்.

பூவும் காய்கறியும் குவியும் கே.ஆர். மார்க்கெட்டுக்கு வந்தால் இந்த அளவுகள் எல்லாம் உடைந்துபோகும். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் அங்கே போய்ப் பாருங்கள். விற்காத வாழைக்கன்றுகள் சாலைவரை கிடக்கும். உடைந்த சாம்பல் பூசணி, மிதிபட்ட செண்டுமல்லி, மாவிலை, அதற்கு மேல் வியாபாரிகள் போட்டுவிட்டுப் போன தார்ப்பாய்த் துண்டு. வெளியூரிலிருந்து வாழைக்கன்று ஏற்றி வந்தவர் மிச்சத்தைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போகமாட்டார். வண்டிக் கூலிக்குக் கட்டாது. எல்லாம் பச்சை, எல்லாம் மக்கக்கூடியது. எரிவாயுவுக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

ஆகவேதான் மாநகராட்சி நகரத்தில் 16 உயிரி எரிவாயு நிலையங்களைக் கட்டியது, பெரும்பாலானவை நாளுக்கு ஐந்து டன் கொள்ளளவு. பாதிக்கு மேல் சரியாக ஓடவில்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வந்தது. எந்திரத்தின் கோளாறு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். பூ மார்க்கெட்டின் கழிவை அள்ளிப் பார்த்தால் வேறு காரணம் கையில் சுற்றிக்கொள்ளும்: நூல். சரம் கட்டிய நூல், பூவை மூடி வந்த பாலிதீன், நார், ரப்பர் பேண்டு. இவை அரைக்கும் எந்திரத்தின் தண்டில் சுற்றி நிறுத்திவிடும். வியாபாரி மூட்டையைப் பிரிக்கும் இடத்திலேயே கவருக்கு ஒரு சாக்கு தொங்கினால் இதில் பாதி தீரும். அந்தச் சாக்கை மாட்ட ஒரு கம்பியும் அதை எடுக்க ஒரு ஆளும் வேண்டும். நிலையம் கட்ட டெண்டர் விட்டவர்கள் கம்பிக்கு டெண்டர் விடவில்லை.

பிளாஸ்டிக் தடை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016 மார்ச் 11 அன்று கர்நாடகம் கைப்பை, தட்டு, கப், ஃப்ளெக்ஸ் என்று நீண்ட பட்டியலைத் தடை செய்தது. 2022 ஜூலையில் நாடு முழுவதும் ஒரு பட்டியல் வந்தது. கடைகளில் பாலிதீன் போய்த் துணி போன்ற ஒரு பை வந்தது. துணியில்லை, அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான். குஜரிக்காரர் அதை வாங்கமாட்டார்.

கடையிலிருந்து போகும் குப்பையைவிட, கடைக்குத் திரும்பி வரும் குப்பையைப் பற்றி யோசித்த ஒரு பெரிய சோதனை நம் தமிழ்நாட்டில்தான் நடந்தது. நீலகிரியில் காட்டுக்குள் உடைந்த மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்றம், ஏதாவது செய்யச் சொன்னது. 2022 மே 15 முதல் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் அதைத் திருப்பித் தந்தார்கள். பாட்டில்கள் பெருவாரியாகத் திரும்பின. குடித்தவர் போட்டாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து பத்து ரூபாய் வாங்கினார். திட்டம் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

அதை எதிர்த்தவர்கள் டாஸ்மாக் ஊழியர்கள். சோம்பேறித்தனம் என்று பலர் கேலி செய்தார்கள். அவர்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டால் அது முழுக்க முழுக்க இந்தக் கட்டுரையின் பொருள்தான்: திரும்பி வரும் பாட்டில்களை அடுக்க இடமில்லை, எண்ண ஆளில்லை, சரக்குப் பெட்டிகளே கடையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. பத்து ரூபாய் என்ற விசை அருமையாக வேலை செய்தது. வந்த பாட்டில் காத்திருக்க வேண்டிய இடத்தைத்தான் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பெங்களூருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு இருக்கின்றன. விலையில்லாத குப்பைக்கு ஒரு விலையைச் செயற்கையாகவாவது ஒட்டலாம். குறைந்தபட்சம், பிரித்துக் கொடுக்கும் கடைக்கும் கலந்து கொடுக்கும் கடைக்கும் கட்டணத்தில் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு இருக்கலாம். அடுத்தது இடம். கார் நிறுத்த இத்தனை சதுர மீட்டருக்கு இத்தனை என்று கட்டட விதி கணக்குக் கேட்கிறது. வாடிக்கையாளரின் கார் ஒரு மணி நேரம் நிற்க இடம் கேட்கும் நகரம், கடையின் குப்பை ஒரு ராத்திரி நிற்க இடம் கேட்பதில் தவறில்லை. கடைகளுக்கு வருடாவருடம் வணிக உரிமம் கொடுப்பது மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு. உரிமம் புதுப்பிக்கும்போது குப்பை எங்கே இருக்கும், எந்த நேரம் யார் எடுப்பார்கள் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும்.

சிறு கடை ஒவ்வொன்றிலும் நான்கு சதுர அடியைப் பிடுங்குவது நடக்காது, நியாயமும் அல்ல. நாற்பது கடை உள்ள கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே அல்லது கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை போதும். அதற்குப் பூட்டு, குழாய்த் தண்ணீர், வடிகால், இரவில் திறக்கும் ஒரு ஆள். டிப்பர் எந்த நேரம் வந்தாலும் நேராக அந்த அறைக்கு வரலாம். உலர் கழிவு மையத்துக்காரர் வாரத்துக்கு மூன்று முறை தனியாக வந்து எடுக்கலாம். நாற்பது கடைக்குப் பகிர்ந்தால் செலவு பெரிதாக இராது. தடை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த அறையைக் கொடுக்க வேண்டியவர் கட்டட உரிமையாளர். அதே அறையை ஜெராக்ஸ் கடைக்கு விட்டால் அவருக்கு மாத வாடகை. இதுவரை வந்த குப்பை விதிகள் பெரும்பாலும் குப்பை உண்டாக்குபவரையும் எடுப்பவரையும் பார்த்தே பேசுகின்றன. வாடகை வாங்குபவர் அந்தப் பேச்சுக்குள் அதிகம் வருவதில்லை.

இதற்கிடையில் சில நிமிடங்களில் வீட்டுக்குப் பொருள் கொண்டுவரும் நிறுவனங்கள் குடியிருப்புத் தெருக்களுக்குள் ஷட்டர் போட்ட கிடங்குக் கடைகளை நிரப்பிக்கொண்டிருக்கின்றன. வாடிக்கையாளர் உள்ளே வராத கடை என்பதால் வாசல் அழகாக இருக்க வேண்டும் என்ற கவலை அவற்றுக்கு இல்லை. இருபத்துநான்கு மணி நேரமும் சரக்கு இறங்குகிறது, அழுகல் வருகிறது, அட்டை வருகிறது. பக்கத்து வீட்டுச் சுவரோரம் பைக்குகளும் பைகளும் நிற்கின்றன. முன்பு மளிகைக் கடையில் நின்றுவிட்ட அட்டையும் கவரும் இப்போது பாதி வீட்டுக்கே போய், வீட்டுத் தொட்டியில் வீட்டுக் குப்பையாகக் கணக்காகின்றன. இந்தக் கடைகளுக்கு ஒன்று சாதகம்: எல்லாம் கணினியில் இருக்கிறது. எந்தக் கிளையில் எத்தனை கிலோ காய் வீணானது என்பது அவர்களுக்கு மணிக்கு மணி தெரியும். நகரம் அந்தக் கணக்கைக் கேட்டதாகத் தெரியவில்லை.

2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. குப்பை அள்ளுவதைப் பெங்களூரு திடக்கழிவு மேலாண்மை நிறுவனம் பார்க்கிறது. வணிக உரிமம் கொடுப்பது ஐந்து மாநகராட்சிகள். வண்டி எப்போது வரும் என்று தெரிந்தவர் ஒரு அலுவலகத்தில், கடைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கும் அதிகாரம் உள்ளவர் வேறொரு அலுவலகத்தில். சிக்பேட்டை மத்திய மாநகராட்சிக்குள் வருகிறது. ஒரே ஒரு தெருவில், ஒரே ஒரு வருட உரிமப் புதுப்பித்தலில் இரண்டு அலுவலகமும் சேர்ந்து அந்த மாடிப்படி அறையைக் கேட்டுப் பார்க்கலாம். கட்டட உரிமையாளர்கள் முதலில் வழக்குப் போடுவார்கள். போடட்டும், பெங்களூர்க் குப்பையில் உருப்படியாக நடந்தவற்றில் பாதி நீதிமன்றப் படியேறிய பிறகே நடந்தது.